பிரபு என்றால் எந்தப் பிரபு? லாக்ஸ்டன் கிராமமும் ஒரு பழைய பட்டமும்

நவம்பர் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் என்ற மாவட்டத்தில் லாக்ஸ்டன் என்றொரு சிறு கிராமம். டிராக்டருக்குப் பின்னால் கட்டிய டிரெய்லரில் ஊர் விவசாயிகள் ஏறி உட்கார்ந்துகொண்டு வயலைப் பார்க்கப் போகிறார்கள். கோதுமை விதைத்து இப்போதுதான் முளை விட்டிருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரே வயல். வேலியும் கிடையாது, சுவரும் கிடையாது. ஆனால் அந்த ஒரே வயலுக்குள் பல பேருடைய நிலம் நீள நீளப் பட்டைகளாகக் கிடக்கிறது. ஒருவர் பட்டை எங்கே முடிகிறது, அடுத்தவர் பட்டை எங்கே தொடங்குகிறது என்பதற்கு மரமுளைதான் சாட்சி. அந்த மரமுளை காணாமல் போயிருந்தால் இவர்கள் புதிதாக அடிக்கிறார்கள். யாராவது கொஞ்சம் ஆசைப்பட்டுப் பொதுப் புல்வெளியையோ பாதையையோ சேர்த்து உழுதிருந்தால் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை ஊர் மதுக்கடையான டவ்கோட் இன்னில் நீதிமன்றம் கூடும். அபராதம் அங்கே முடிவாகும்.

சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் வேடிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நீதிமன்றத்துக்கு இன்றும் சட்ட அதிகாரம் உண்டு. 'கோர்ட் லீட்' என்று பெயர். அது அரசாங்கம் அமைத்த நீதிமன்றமும் அல்ல. லாக்ஸ்டன் மேனருக்கு, அதாவது பழைய காலத்து நில உடைமைக்கு, யார் பிரபுவோ அவர் பெயரில் கூடுவது.

'லார்டு ஆஃப் த மேனர்' என்கிற அந்தப் பட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது எங்கிருந்து வந்தது, அதற்குள் என்னவெல்லாம் இருந்தது, இன்று அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை லாக்ஸ்டனின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் சட்டப் புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

ஆங்கிலத்தில் 'லார்டு' என்ற ஒரே சொல் இரண்டு வேறு ஆட்களைக் குறிக்கிறது. ஒருவர் மன்னரால் பிரபு ஆக்கப்பட்டவர்: டியூக், ஏர்ல், பாரன் போன்றவர்கள். அது ஓர் அந்தஸ்து. மன்னர் கொடுப்பது. பரம்பரையாக வரலாம், அல்லது ஒருவரின் ஆயுள் வரைக்கும் மட்டும் இருக்கலாம். அந்தப் பட்டத்தை விற்க முடியாது, கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுக்கவும் முடியாது. இன்னொருவர் மேனரின் பிரபு. அவருடையது அந்தஸ்து அல்ல, சொத்து. வீடு, தோட்டம் போல வாங்கலாம், விற்கலாம், உயில் எழுதலாம், மகளுக்குக் கொடுக்கலாம், கம்பெனி பெயரில்கூட வைத்திருக்கலாம். நாடாளுமன்றப் பிரபுக்கள் சபைக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இவர் பெயருக்கு முன்னால் 'லார்டு' போட்டுக்கொள்ளவும் கூடாது. பெயருக்குப் பின்னால் 'இன்ன மேனரின் பிரபு' என்று சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில்கூட இதை உரிய ஆவணம் காட்டினால் குறிப்புப் பக்கத்தில்தான் எழுதுவார்கள். பெயர் இருக்கும் இடத்தில் அல்ல.

விம்பிள்டனை எடுத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 2023ல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோது மன்னருக்கு ஒற்றைக் கையுறையை வழங்கியவர் லார்டு சிங் ஆஃப் விம்பிள்டன். சீக்கியர். அவர் அசல் பிரபு. ஆயுள் முழுவதும் சபையில் அமரும் உரிமையோடு பட்டம் பெற்றவர். பெயரில் விம்பிள்டன் இருப்பதற்கும் நிலத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் 'விம்பிள்டன் மேனரின் பிரபு' என்பது முற்றிலும் வேறு பட்டம். அதை இளவரசி டயானாவின் தம்பியான ஏர்ல் ஸ்பென்சர் 1996ல் ஏலத்தில் விற்றார். விலை 1,71,000 பவுண்டு. வாங்கியவருக்கு டென்னிஸ் மைதானத்தில் ஒரு நாற்காலிகூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது.

சரி, லாக்ஸ்டனுக்கு வருவோம்.

டோக்கியிடமிருந்து வால்டருக்கு

1066ல் பிரான்சின் வடக்கே உள்ள நார்மண்டியிலிருந்து வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். பிடித்ததும் அவர் நிலைநாட்டிய கோட்பாடு ஒன்றுதான்: நாட்டில் உள்ள நிலம் எல்லாம் மன்னருடையது. மற்றவர்கள் யாராக இருந்தாலும் மன்னரிடமிருந்தோ, மன்னரிடமிருந்து பெற்றவரிடமிருந்தோ நிலத்தை அனுபவிக்கிறார்கள், பதிலுக்கு ஏதோ ஒரு கடமை செய்கிறார்கள். போருக்கு ஆள் அனுப்புவது, பணம் கட்டுவது, உழுது கொடுப்பது என்று கடமை ஆளுக்கு ஆள் மாறும். 1085ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் நாடு முழுக்க யாரிடம் என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க உத்தரவிட்டார். அந்தக் கணக்கின் பெயர் டூம்ஸ்டே புத்தகம். 1086ல் எடுத்தது, இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது.

அதில் லாக்ஸ்டன் இருக்கிறது, 'லாக்ஸின்டூன்' என்ற பெயரில். படையெடுப்புக்கு முன்னால் டோக்கி என்பவர் அதை வைத்திருந்தார். பெயரைப் பார்த்தாலே டேனியச் சாயல் தெரியும். இப்போது அது ஜெஃப்ரி அல்செலின் என்ற நார்மானியர் கையில். ஆனால் அவரும் அங்கே உட்காரவில்லை. அவருடைய ஆள் வால்டர் என்பவர் நிலத்தை நடத்துகிறார். மன்னர், அவருக்குக் கீழே ஜெஃப்ரி, அவருக்குக் கீழே வால்டர். இந்த ஏணியின் ஒரு படிதான் 'மேனரின் பிரபு' என்பது.

ஏணியின் கீழ்ப்படியில் இருந்தவர்களையும் அந்தப் புத்தகம் எண்ணியிருக்கிறது: 22 வில்லன்கள், 7 சிறு குடியானவர்கள், 5 அடிமை ஆண்கள், 1 அடிமைப் பெண். மதிப்பு முன்பு 9 பவுண்டு, இப்போது 6 பவுண்டு. படையெடுப்பு ஊரைக் கொழுக்க வைக்கவில்லை என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

'வில்லன்' என்று படித்ததும் நம் ஆட்களுக்கு நம்பியாரும் ரகுவரனும்தான் நினைவுக்கு வருவார்கள். சொல் அதே சொல்தான். 'வில்லா' என்றால் லத்தீனில் பண்ணை வீடு. அந்தப் பண்ணையோடு கட்டுண்டு உழைத்த குடியானவன் வில்லன். மேல்தட்டு ஆட்கள் பேச்சில் 'பட்டிக்காட்டான்' என்ற ஏளனமாகி, அப்புறம் 'கீழ்த்தரமானவன்' ஆகி, கடைசியில் கதையில் கெட்டது செய்கிறவன் பெயராகிவிட்டது. உழைத்தவன் கெட்டவனாகவும் உட்கார்ந்து தின்றவன் 'ஜென்டில்மேன்' ஆகவும் ஆனது மொழி செய்த அநியாயம்.

மேனர் என்றால் உண்மையில் என்ன

மேனரைப் 'பண்ணை' என்று தமிழாக்கினால் பாதிதான் சரி. பண்ணை என்றால் நிலம் மட்டும். மேனர் என்பது நிலமும், அதில் இருக்கும் மனிதர்கள் மேல் உள்ள உரிமையும், அவர்களை விசாரிக்கும் நீதிமன்றமும் சேர்ந்த ஒரு மூட்டை. சில கிராமங்கள் ஒரே மேனராக இருந்தன. சில கிராமங்களில் இரண்டு மூன்று மேனர்கள். ஒரே மேனர் பல கிராமங்களில் பரவிக் கிடந்ததும் உண்டு.

நிலத்தில் ஒரு பங்கு பிரபுவின் சொந்தச் சாகுபடி. இன்னொரு பங்கு குடியானவர்களுக்கு. குடியானவர் தன் பங்குக்கு வாடகையாகப் பணம் மட்டும் கொடுக்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் நிலத்தில் போய் வேலை செய்ய வேண்டும். அறுவடைக் காலத்தில் அதற்கு மேலும். வில்லனின் மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குக் கட்டணம். வில்லன் செத்துப்போனால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல மாடு பிரபுவுக்கு. மாவு அரைக்க வேண்டுமா, பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அதற்கும் கூலி. அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகவும் முடியாது. இவ்வளவையும் சேர்த்துத்தான் 'லார்டு' என்று சொன்னார்கள். மரியாதைச் சொல்லாக அது தொடங்கவில்லை.

நீதிமன்றமும் இரண்டு வகை. நிலம் கைமாறுவது, வழக்கப்படி நடக்கிறதா என்று பார்ப்பது ஒரு நீதிமன்றத்தின் வேலை. அது எல்லா மேனருக்கும் உண்டு. சொல்லப்போனால் அது இருந்தால்தான் மேனர். கோர்ட் லீட் என்பது அதற்கு மேலே. சிறு சண்டை சச்சரவு, ரொட்டியில் எடை குறைப்பது, பீரில் தண்ணீர் கலப்பது, சாக்கடையை அடைப்பது போன்ற குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம். அது மன்னருடைய அதிகாரம். மன்னர் மனம்வைத்து எந்தப் பிரபுவுக்கு விட்டுக்கொடுத்தாரோ அவருக்குத்தான் உண்டு.

நீதிமன்றத்தில் நடந்ததை எழுத்தர் நீளமான தோல் சுருளில் எழுதி வைத்தார். இன்னார் செத்தார், அவர் மகன் இவ்வளவு பணம் கட்டி நிலத்தை ஏற்றுக்கொண்டார் என்பது போன்ற குறிப்புகள். குடியானவருக்கு அந்தக் குறிப்பின் நகல் ஒன்று கிடைக்கும். அதுதான் அவருடைய பத்திரம். அதனால் அந்த உரிமைக்கே 'காப்பிஹோல்ட்' என்று பெயர் வந்துவிட்டது, நகல் வைத்து அனுபவிப்பது என்ற பொருளில். நிலத்தை விற்க வேண்டுமானால் விற்பவர் நீதிமன்றத்தில் ஒரு கோலைப் பிரபுவின் மேலாளர் கையில் கொடுப்பார், மேலாளர் அதே கோலை வாங்குபவர் கையில் கொடுப்பார். நிலம் கைமாறிவிட்டது. நடுவில் பிரபுவுக்கு ஒரு கட்டணம்.

அந்தச் சுருள்களின் மதிப்பு குடியானவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1348ல் வந்த கொள்ளைநோயில் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி அழிந்தது. உழைக்க ஆள் இல்லை, மிஞ்சியவர்கள் அதிகக் கூலி கேட்டார்கள், பிரபுக்கள் பழைய கடமைகளைக் காட்டி மறுத்தார்கள். 1381ல் பெரும் கலகம் வெடித்தபோது பல ஊர்களில் கலகக்காரர்கள் முதலில் தேடிப் போய் எரித்தது இந்தச் சுருள்களைத்தான். சுருள் எரிந்தால் கடமையும் போகும் என்ற கணக்கு. கலகம் ஒடுக்கப்பட்டது, ஆனாலும் அடுத்த நூறு ஆண்டுகளில் வில்லன்களின் அடிமைத்தனம் மெல்லக் கரைந்து, உழைப்புக் கடமை பண வாடகையாக மாறிப்போனது.

1290: கதவு மூடிய ஆண்டு

இந்தப் பட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான ஆண்டு எதுவென்று கேட்டால் நான் 1066ஐச் சொல்லமாட்டேன். 1290ஐத்தான் சொல்வேன்.

அதுவரை யாரிடம் நிலம் இருந்தாலும் அதில் ஒரு பகுதியை இன்னொருவருக்குக் கொடுத்து, அவரைத் தனக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். ஜெஃப்ரிக்குக் கீழே வால்டர் வந்தது அப்படித்தான். ஏணியில் படிகள் கூடிக்கொண்டே போயின. கீழ்ப்படிக்காரர் வாரிசில்லாமல் செத்தாலோ, வாரிசு சிறுவனாக இருந்தாலோ மேல்படிக்காரருக்கு வருமானம் உண்டு. ஆனால் நடுவில் புதுப்படிகள் முளைத்ததால் அந்த வருமானம் மேலே போய்ச் சேரவில்லை. பெரிய பிரபுக்கள் முறையிட்டார்கள். முதலாம் எட்வர்ட் 1290ல் ஒரு சட்டம் போட்டார்: இனி நிலத்தை விற்கலாம், ஆனால் வாங்குபவர் விற்றவருக்குக் கீழே வரமாட்டார், விற்றவர் இருந்த படியிலேயே வந்து உட்காருவார்.

நோக்கம் வேறாக இருந்தாலும் விளைவு இதுதான்: அந்த ஆண்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் சாதாரண ஆள் யாரும் புதிதாக ஒரு மேனரை உண்டாக்க முடியவில்லை. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் உண்மையான மேனர் பட்டம் எதுவாக இருந்தாலும், அதன் வேர் 730 ஆண்டுகளுக்கு முன்னால் போக வேண்டும். இணையத்தில் ஒரு சதுர அடி நிலம் விற்று 'லார்டு' சான்றிதழ் அனுப்பும் கடைகளை இந்த ஒரு கேள்வியாலேயே ஒதுக்கிவிடலாம்.

யார் யார் கையில் போனது

லாக்ஸ்டனின் பிரபுக்கள் வரிசையைப் பார்த்தால் இந்தப் பட்டம் எப்படியெல்லாம் பயணம் செய்யும் என்பது தெரியும்.

ஜெஃப்ரி அல்செலினின் வழியிலிருந்து கல்யாணம் மூலமாக டி கோ குடும்பத்துக்குப் போனது. அவர்கள் நாட்டிங்ஹாம், டெர்பி காடுகளுக்குப் பரம்பரைக் காவலர்கள். ராபின் ஹூட் கதைகளில் வருகிற ஷெர்வுட் காடு அதில் ஒன்று. லாக்ஸ்டனில் பெரிய மண்மேட்டுக் கோட்டை கட்டப்பட்டதற்கு அந்தப் பதவியும் ஒரு காரணம். மேடு இன்றும் ஊருக்கு வடக்கே நிற்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் காவல் பதவி மட்டில்டா டி கோ என்ற பெண்ணிடம் இருந்தது. அவருக்குப் பின் பேத்தியின் கல்யாணம் வழியாக எவரிங்ஹாம் குடும்பத்துக்கு. ஆண் வாரிசு இல்லாவிட்டால் ஏர்ல் போன்ற பட்டங்கள் பெரும்பாலும் அணைந்துவிடும். மேனர் அப்படி அணையாது. பெண்கள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம் பணத்தின் காலம். 1620களில் அது சர் வில்லியம் கோர்ட்டென் என்ற லண்டன் வணிகர் கைக்கு வந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து அகதியாக வந்த துணி வியாபாரக் குடும்பம். பார்படாஸ் தீவில் 1627ல் ஆங்கிலேயர் குடியேற முதல் போட்டவர் இவர். 1635ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கோவாவுக்கும் சீனாவுக்கும் கப்பல் அனுப்ப மன்னரிடம் அனுமதி வாங்கிய கூட்டத்தின் தலையும் இவர்தான். உலகம் முழுக்கக் கணக்குப் பார்த்தவர், வாங்கிய கிராமத்தை மட்டும் விட்டுவிடுவாரா? அதே 1635ல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை வைத்து லாக்ஸ்டனை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டார்.

அந்த வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பட்டைகள், ஒவ்வொன்றும் யாருடையது என்ற பட்டியல், நடுநடுவே உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டைநாய்களோடு ஓடுகிறவர்கள் எல்லாம் குட்டிக் குட்டியாக வரையப்பட்டிருக்கும். வாங்கிய சொத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வணிகர் போட்ட கணக்குப் படம் அது. இன்று இங்கிலாந்தின் பழைய விவசாய முறையைப் படிக்கிற யாரும் அதைப் பார்க்காமல் போக முடியாது.

கோர்ட்டென் 1636ல் இறந்தார், கடன்கள் மிஞ்சின. 1640 வாக்கில் பியர்பாண்ட் குடும்பம் லாக்ஸ்டனை வாங்கியது. கிங்ஸ்டன் ஏர்ல், பிறகு கிங்ஸ்டன் டியூக் என்று வளர்ந்த குடும்பம். அந்தக் குடும்பத்தின் கடைசி டியூக் 1769ல் எலிசபெத் சட்லி என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் 1744லேயே வேறொருவரை ரகசியமாகக் கல்யாணம் செய்திருந்தார் என்பதுதான் சிக்கல். 1773ல் டியூக் இறந்தார், சொத்தின் அனுபவம் எலிசபெத்துக்கு என்று உயில். டியூக்கின் தங்கை மக்கள் சும்மா இருப்பார்களா? 1776ல் பிரபுக்கள் சபையே நீதிமன்றமாக உட்கார்ந்து விசாரித்து, இருதார மணக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. லண்டனே கூடி வேடிக்கை பார்த்தது. ஆனால் உயிலை யாராலும் அசைக்க முடியவில்லை. டியூக்கின் மனைவி என்ற டச்சஸ் பட்டம் செல்லாது, சொத்து செல்லும். 1788ல் அவர் பாரிஸில் இறந்த பிறகுதான் டியூக்கின் தங்கை மகன் சார்ல்ஸ் மெடோஸ் கைக்குச் சொத்து வந்தது. அவர் பியர்பாண்ட் என்று பெயரை மாற்றிக்கொண்டார், 1806ல் ஏர்ல் மான்வர்ஸ் ஆனார். அந்தஸ்து ஒரு பாதை, சொத்து ஒரு பாதை என்று மேலே சொன்னது இங்கே எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது பாருங்கள்.

இந்தக் காலத்தில்தான் இங்கிலாந்து முழுக்கப் பழைய திறந்த வயல்களைத் துண்டு துண்டாக வேலி போட்டுப் பிரித்தார்கள். பிரித்த இடங்களில் மேனர் நீதிமன்றத்துக்கு வேலை போய்விட்டது. பொது வயலே இல்லாதபோது எந்த எல்லைச் சண்டையைத் தீர்ப்பது? லாக்ஸ்டனில் முழுதாகப் பிரிக்கவில்லை. ஊர்க்காரர்களின் பழமைப் பற்று என்று சொல்ல ஆசையாக இருக்கும். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அவ்வளவு அழகானதல்ல: பெரிய நில உடைமைக்காரர்களான மான்வர்ஸ் ஏர்லுக்கும் ஸ்கார்பரோ ஏர்லுக்கும் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதில் ஒத்துவரவே இல்லை.

உள்ளே இருந்தது எப்படிக் காலியானது

மேனர் என்பது ஒரு மூட்டை என்றேன். அதிலிருந்து ஒவ்வொன்றாகச் சட்டம் உருவி எடுத்தது.

1660ல் மன்னருக்குப் போர்ச்சேவை செய்து நிலம் அனுபவிக்கும் முறையை நாடாளுமன்றம் ஒழித்தது. ஆனால் மன்னருக்கு நேரில் செய்யும் சில மரியாதைச் சேவைகளை விட்டுவைத்தது. அதே நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள வொர்க்சாப் மேனரின் பிரபு முடிசூட்டு விழாவில் மன்னருக்கு வலது கைக் கையுறை கொடுக்க வேண்டும் என்பது அப்படி ஒன்று. 1953ல் இரண்டாம் எலிசபெத் முடிசூடும்போது அந்த மேனர் ஒரு கம்பெனி பெயரில் இருந்தது. கம்பெனிக்குக் கை ஏது, அரியணைப் பக்கம் நின்று கையுறை நீட்ட? அனுமதி மறுக்கப்பட்டு, அமைச்சர் லார்டு வூல்டன் அதைச் செய்தார். 2023ல் லார்டு சிங் கையுறை கொடுத்ததைச் சொன்னேன் அல்லவா, அது ஒரு காலத்தில் மேனர் பிரபுவின் வேலை.

பெரிய வெட்டு 1922ல் வந்தது. அந்த ஆண்டின் சொத்துச் சட்டம் காப்பிஹோல்ட் உரிமையை ஒழித்தது; 1926 ஜனவரி 1 முதல் நகல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் முழு உடைமையாளர்கள். கோல் மாற்றுவது, நல்ல மாட்டை எடுத்துப்போவது எல்லாம் அத்தோடு போயிற்று. பிரபுக்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. ஆனால் சில உரிமைகளை அந்தச் சட்டம் தொடவில்லை: பழைய காப்பிஹோல்ட் நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமம், அங்கே வேட்டையாடுவது, சந்தை கூட்டுவது போன்றவை. கனிமம் என்றால் தங்கமும் வெள்ளியும் சேராது, அவை எப்போதும் மன்னருடையவை. சுண்ணாம்புக்கல், மணல், களிமண் போன்றவற்றில் பிரபுவுக்கு இன்றும் பங்கிருக்கலாம்.

அந்தச் சுருள்களையும் சட்டம் காப்பாற்றியது. மேனர் ஆவணங்கள் தனியாரிடம் இருந்தாலும் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. எது எங்கே இருக்கிறது என்று தேசிய ஆவணக் காப்பகம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. தங்கள் ஊரின் பரம்பரையைத் தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஓர் ஏழைக் குடியானவனின் பெயர், வேறெங்கும் எழுதப்படாத பெயர், பீரில் தண்ணீர் கலந்ததற்காக அபராதம் கட்டிய வரியில் கிடைத்துவிடும்.

கடைசியாக 1977ல் நீதித்துறைச் சட்டம் ஒன்று கோர்ட் லீட்களின் நீதி அதிகாரத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒழித்தது. சம்பிரதாயக் கூட்டங்களாகச் சில ஊர்களில் தொடர்கின்றன. ஒரே விதிவிலக்கு லாக்ஸ்டன். அங்கே திறந்த வயல் இருக்கிறது, அதை நடத்த யாராவது தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

வாங்கலாமா?

நிலம் போய், குடியானவர் போய், நீதிமன்றமும் போன பிறகு மிஞ்சிய பெயரை மட்டும் தனியாகப் பிரித்து விற்கும் சந்தை ஒன்று உருவாகிவிட்டது. 1980களுக்குப் பிறகு ஏலங்கள் சூடுபிடித்தன. குத்துச்சண்டை வீரர் கிறிஸ் யூபாங்க் 1996ல் பிரைட்டன் மேனர் பட்டத்தை 45,000 பவுண்டுக்கு வாங்கினார். ஊரில் ஒரு சென்ட் நிலம் அத்தோடு வரவில்லை.

வாங்க நினைப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. 2003 அக்டோபர் 13 முதல் நிலப் பதிவகம் இந்தப் பட்டங்களைப் புதிதாகப் பதிவு செய்வதில்லை. பழைய பத்திரங்கள், உயில்கள், விற்பனைகள் எல்லாம் சங்கிலி விடுபடாமல் இருக்கிறதா என்று வக்கீல் பார்த்துச் சொல்வதுதான் ஆதாரம். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டால் விற்றவருக்கே அது சொந்தமில்லாமல் இருந்திருக்கலாம். ஒரே பட்டத்தை இருவர் தன்னுடையது என்று சொல்வதும் நடக்கிறது.

பெயர்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்றும் சொல்லிவிட முடியாது. 2002ஆம் ஆண்டின் நிலப் பதிவுச் சட்டம், பழைய மேனர் உரிமைகளை வைத்திருப்பவர்கள் 2013 அக்டோபர் 13க்குள் பதிவு செய்யாவிட்டால் பாதுகாப்பு போய்விடும் என்று கெடு வைத்தது. கெடு நெருங்கியதும் பலர் அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள். வேல்ஸில் ஆங்கில்சி தீவிலும், லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியிலும் ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களுக்கு ஒரு நாள் தபால் வந்தது: உங்கள் வீட்டுக்கு அடியில் உள்ள கனிமத்தில் மேனர் பிரபுவுக்கு உரிமை உண்டு என்று. கடன் கட்டி வீடு வாங்கியவர்கள் பதறிப்போனார்கள். யாரும் வந்து சமையலறையைத் தோண்டப்போவதில்லை. பழைய உரிமையைக் காகிதத்தில் காப்பாற்றிக்கொள்ளும் வேலைதான் அது. ஆனாலும் வீட்டை விற்கப் போகும்போது பத்திரத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் வாங்குகிறவர் கேள்வி கேட்பார். நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்து 2015ல் அறிக்கை கொடுத்தது.

லாக்ஸ்டனில் கதை வேறு மாதிரிப் போனது. 1952ல் ஆறாவது ஏர்ல் மான்வர்ஸ் கிராமத்தை விற்க முடிவு செய்தார். சந்தையில் போனால் திறந்த வயல்கள் சிதறிவிடும் என்று விவசாய அமைச்சகம் வாங்கியது. அதனால் மக்களாட்சி நாட்டின் விவசாய அமைச்சர், பதவி காரணமாகவே, ஒரு மத்திய கால மேனரின் பிரபு ஆனார். மூன்று ஆண்டு கழித்து 1955ல் மான்வர்ஸ் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். ஏர்ல் பட்டம் அவரோடு முடிந்தது. அவர் விற்ற மேனருக்கு மட்டும் பிரபு இருந்தார்.

1981ல் அது அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்கு மாறியது. 2020ல் கிரவுன் எஸ்டேட் அதை விற்றது. வாங்கியது தோர்ஸ்பி எஸ்டேட், அதாவது பியர்பாண்ட், மான்வர்ஸ் வழியில் வந்த அதே சொத்து நிர்வாகம். சுற்றி வந்து பழைய இடத்திலேயே சேர்ந்தது.

வயல்கள் மூன்று: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்த விதைப்பு, ஒன்றுக்கு ஓய்வு என்று சுழற்சி. நவம்பரில் எந்த வயலில் கோதுமை முளைத்திருக்கிறதோ அங்கே டிரெய்லர் போகும். அடுத்த வாரம் டவ்கோட் இன்னில் பிரபுவின் மேலாளர் தலைமையில் பெயர்களைக் கூப்பிடுவார்கள், அளவு தாண்டி உழுதவர் அபராதம் கட்டுவார், அடுத்த ஆண்டு வயலைப் பார்க்கப் போகும் நடுவர்கள் பதவியேற்பார்கள். பிறகு எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து குடிப்பார்கள்.